பெரிதாக்கினால் பெருகுமா?

இல்லத்து விஞ்ஞானம்

சென்ற திங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்கத்து இளைஞர் ஒருவர் என் இல்லம் தேடி வந்தார். அவருடைய தந்தையாரும் நானும் நெடுங்காலத் தோழர்கள். ஆதலின் அவர் என்னை 'மாமா' என்றே அழைப்பது வழக்கம். ஊரிலே அவருடைய அன்னையார் காலமாகி ஓராண்டு நிறைவெய்தும் தருணம். தலைத்திவசத்துக்குள் அம்மையாரின் படம் ஒன்றை 16-க்கு 20 அங்குல அளவில் அச்சிட்டு, சட்டமிட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் அந்த அம்மையார் தம் வாழ்நாளில் தனியாக ஒரு படமும் எடுத்துக்கொண்டவர் அல்லர். ஒரு திருமண வீட்டில் எடுத்த குழுப்படத்தில் மட்டுமே முகம் நன்றாக விழுந்திருந்தது. அந்தப் படமும் உறவினர் ஒருவர் வாட்ஸ்அப் வழியாக அனுப்பியது.

இளைஞர் அதனை ஒரு கடையில் கொடுத்தார். கடைக்காரர் கணினியில் ஏதோ செய்து, மறுநாளே பளபளக்கும் பெரிய படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்.

"மாமா, இதைப் பாருங்கள். கண் தெளிவாக இருக்கிறது. சேலைக் கரையின் கட்டம்கூடத் தெரிகிறது. ஆனால் இது யார்? என் அம்மா இல்லையே!" என்று கூறி அவர் படத்தை நீட்டினார். அவர் குரல் தழுதழுத்தது.

நானும் பார்த்தேன். அவர் கூறியது உண்மையே. இடப் புருவத்தின் மேல் இருந்த சிறு தழும்பைக் காணோம். கன்னத்து அம்மை வடுக்களும் மறைந்துவிட்டன. சினிமா விளம்பரங்களில் காணும் வழவழப்பான முகம் ஒன்று, எவருடைய சாயலும் இல்லாமல், அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தது.

ஊரில் இருப்போருக்குப் பெரியோரை நினைவூட்டத் திண்ணை உண்டு, கிணற்றடி உண்டு, கோயில் தெரு உண்டு. ஹைதராபாத்தில் வந்து குடியேறிய நமக்கோ, சுவரில் மாட்டிய படம் ஒன்றே உண்டு. பாட்டியை நேரில் கண்டிராத பேரக் குழந்தைகள் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பாட்டியை அறியப்போகின்றன. ஆகவே அது பாட்டியின் முகமாகவே இருத்தல் வேண்டும். படத்தைப் பெரிதாக்குதல், கூர்மையாக்குதல் என்னும் இரண்டும் உண்மையில் என்ன செய்கின்றன, எவற்றைச் செய்யமாட்டா என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

புள்ளிகளின் கணக்கு

இலக்கமுறைக் காமிரா எடுக்கும் படம் சின்னஞ்சிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. இவற்றைப் பிக்சல் என்பர். இன்றைய கைப்பேசிகள் பலவும் அகலத்தில் 4000, உயரத்தில் 3000, ஆக 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தைத் தருகின்றன. இதனையே 12 மெகாபிக்சல் என்கிறார்கள்.

காகிதத்தில் அச்சிடும்போது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் கிடைக்கின்றன என்பதே வினா. கையில் பிடித்து ஓரடித் தொலைவில் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் கண்ணுக்குக் குறை தோன்றாது. இந்த 300 என்னும் எண் எவரோ விதித்த விதியன்று; நம் கண்ணின் இயல்பிலிருந்து வந்தது. ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் வரும் சிறு கோணத்துக்குக் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளை, நல்ல பார்வையுடைய கண்ணும் பிரித்தறிவது அரிது. ஓரடித் தொலைவில் அந்தக் கோணம் அங்குலத்துக்கு ஏறத்தாழ 290 புள்ளிகளாகிறது. 20 அங்குலம் தள்ளி நின்று பார்த்தால் 170 புள்ளிகளே போதும். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 90 போதும். நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகை தொலைவிலிருந்து அழகாகத் தெரிவதும், அருகே சென்றால் வெறும் பொட்டுகளாகத் தெரிவதும் இதனால்தான்.

இக்கணக்கின்படி, 12 மெகாபிக்சல் படத்தை முழுமையாக அச்சிட்டால், அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், 13-க்கு 10 அங்குலம் வரை தாராளமாக வரும். சுவரில் மாட்டுவதாயின் 20-க்கு 15 அங்குலம்கூடக் குறையின்றி வரும்.

இனி அந்த இளைஞரின் படத்துக்கு வருவோம். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தை விரைவுக்காகச் சுருக்கிவிடுகிறது. நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளாகிவிடும். 4000-க்கு 3000 ஆக இருந்த குழுப்படம் 1600-க்கு 1200 ஆகியிருந்தது. மொத்தப் புள்ளிகளில் ஆறில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. அக்குழுவிலிருந்து அம்மையாரின் உருவத்தை மட்டும் வெட்டி எடுத்தால் கிடைத்தது 600-க்கு 750 புள்ளிகள். அதை 16-க்கு 20 அங்குலமாக அச்சிட்டால் அங்குலத்துக்கு 40 புள்ளிகள்கூட இல்லை. வேண்டிய மீதிப் புள்ளிகள் எங்கிருந்து வந்தன? கணினி தானே இட்டு நிரப்பியவை அவை.

தகடு அளவே படம்

இந்த இடத்தில் நம் நகரத்தின் பழைய புகைப்படக் கலைஞர் ஒருவரை நினைவுகூர்தல் பொருந்தும். 1844-இல் மீரட்டுக்கு அருகே சர்தானாவில் பிறந்த ராஜா தீனதயாள், ரூர்க்கியில் பொறியியல் பயின்று, இந்தூரில் அரசுப் பணியில் இருந்துகொண்டே புகைப்படக் கலையைக் கற்றவர். பின்னர் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவைப் புகைப்படக்காரராகி, செகந்திராபாத்தில் தம் படநிலையத்தை அமைத்தார். 1905-இல் மறைந்தார். அவர் எடுத்த கண்ணாடித் தகடுகளுள் 2800-க்கு மேற்பட்டவை இன்று புது தில்லி இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் உள்ளன. அவற்றிலிருந்து பெறும் படங்களில் தலைப்பாகையின் மடிப்பும் மீசையின் மயிரும் இன்றும் எண்ணத்தக்கவையாக இருப்பதைக் கண்டு வியக்காதவர் இல்லை.

இதன் இரகசியம் யாது? அக்காலத்தில் பெருவழக்காயிருந்த அச்சுக் காகிதம், முட்டை வெண்கரு பூசிய காகிதம். அதில் உருவம் பதிய வெயில் வேண்டும்; விளக்கின் ஒளி போதாது. ஆதலின் கண்ணாடித் தகட்டைக் காகிதத்தின் மேல் நேராக வைத்து, வெயிலில் காட்டி அச்சிட்டனர். தகடு எவ்வளவோ, படமும் அவ்வளவே. பத்தங்குலப் படம் வேண்டுமாயின் பத்தங்குலத் தகட்டையும் அதற்கேற்ற பெரிய காமிராவையும் சுமந்து செல்ல வேண்டும். படம் எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை எடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டிய காலம் அது.

நம் காமிரா உள்ளங்கையில் அடங்குவது. ஆயினும் அந்த நியதி மாறிவிடவில்லை. எடுக்கும் கணத்தில் பதிந்ததே செல்வம். பின்னர் செய்வன யாவும் அச்செல்வத்தைச் செலவிடும் முறைகளேயன்றி ஈட்டும் முறைகள் அல்ல.

பெரிதாக்குதல்

கணினி ஒரு படத்தைப் பெரிதாக்கும்போது, இருக்கும் புள்ளிகளுக்கு இடையே புதிய புள்ளிகளை நுழைக்கிறது. பக்கத்துப் புள்ளிகள் இரண்டின் ஒளியளவு 100, 140 எனில், நடுவில் 120 என ஒன்றை வைப்பது எளிய முறை. சுற்றியுள்ள 16 புள்ளிகளை நோக்கி வளைவாகக் கணக்கிடும் முறையொன்று உண்டு. அதன் பெயர் பைக்யூபிக். படத் திருத்தச் செயலிகளில் பெரிதும் வழங்குவது இதுவே. இதனால் படிக்கட்டுப் போன்ற ஓரங்கள் தோன்றாமல் படம் மென்மையாக வரும். ஆனால் புதிய செய்தி ஒன்றும் வராது. தயிரில் நீரூற்றினால் மோர் பெருகும்; தயிர் பெருகாது.

காமிராவும் இத்தகைய கணக்கை ஓரளவு செய்தே நமக்குப் படம் தருகிறது என்பதை அறிவது நலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் என்பார் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, காமிராவின் உணரியில் பாதிக் கண்ணறைகள் பச்சையையும், கால் பங்கு சிவப்பையும், கால் பங்கு நீலத்தையும் மட்டுமே பதிகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் விடுபட்ட இரு நிறங்களை அண்டையிலுள்ள கண்ணறைகளைக் கொண்டு கணக்கிட்டே நிரப்புகிறார்கள். இதனால் எப்படமும் பிறக்கும்போதே சற்று மழுங்கலாகப் பிறக்கிறது. அதைச் சீராக்கவே கூர்மையாக்குதல் வேண்டியிருக்கிறது.

இரு மடங்கு வரை பெரிதாக்குதல் பெரும்பாலும் பிழையில்லை. அதையும் மூலப் படத்திலிருந்து ஒரே முறையில் செய்க. பெரிதாக்கிச் சேமித்து, மீண்டும் பெரிதாக்கிச் சேமித்தல் கூடாது. ஜேபெக் என்னும் வடிவம் ஒவ்வொரு சேமிப்பிலும் சிறிது நுட்பத்தை இழக்கும் இயல்புடையது. அது படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிச் சதுரங்களாகப் பகுத்துச் சுருக்குவது. பலமுறை சேமித்த படத்தில் அச்சதுரங்கள் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். வேலை முடியும் வரை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் வைத்திருந்து, அச்சுக்குக் கொடுக்கும்போது மட்டும் உயர்தர ஜேபெக்காக மாற்றுதல் நன்று.

கூர்மையாக்குதல்

மார்கழியில் நம் பெண்கள் வாசலில் அரிசிமாக் கோலமிட்டு, ஓரத்தில் செம்மண் காவி தீட்டுவர். காவி தீட்டியதும் கோலத்தின் வெண்மை பளிச்சென்று எழும். மாவின் வெண்மை கூடியதா? இல்லை, அண்டையில் இருண்ட நிறம் வந்ததால் கண்ணுக்கு அவ்வாறு தோன்றுகிறது. கணினியின் கூர்மையாக்கலும் இத்தகையதே. வெளிர்ந்த நெற்றியும் கரிய கூந்தலும் சந்திக்கும் ஓரத்தில், வெளிர்ந்த பக்கத்தைச் சற்று வெளிராக்கி, இருண்ட பக்கத்தைச் சற்று இருளாக்குகிறது. ஓரம் கூர்ந்ததாகக் கண் நம்புகிறது.

இதற்கு 'அன்ஷார்ப் மாஸ்க்' என்று பெயர். கூர்மையாக்கும் கருவிக்கு மழுங்கலைக் குறிக்கும் பெயரா என்று சிலர் வினவுவர். இருட்டறைக் காலத்தில் நெகடிவின் மழுங்கலான பிரதி ஒன்றைச் செய்து, மூலத்தோடு சேர்த்து அச்சிட்டு ஓரங்களை எழுப்பினர். அந்த மழுங்கிய பிரதியின் பெயரே இன்றும் நிலைத்துவிட்டது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் செயலியிலும், விலைக்கு வாங்கும் ஃபோட்டோஷாப்பிலும் இக்கருவி உண்டு. அதில் மூன்று திருகுகள் காணப்படும்.

முதலாவது அமௌண்ட். ஓரத்தை எவ்வளவு எழுப்புவது என்பதை இது குறிக்கும். அச்சுக்கு 80 முதல் 150 விழுக்காடு வரை பெரும்பாலும் போதும். கிம்ப்பில் இது 0.8 முதல் 1.5 என்று காணும்.

இரண்டாவது ரேடியஸ். ஓரத்தின் இருபுறமும் எத்தனை புள்ளி அகலத்துக்கு மாற்றம் பரவுவது என்பதை இது குறிக்கும். அங்குலத்துக்கு உள்ள புள்ளிகளை 200-ஆல் வகுத்தால் ஏற்ற அளவு கிடைக்கும் என்பது கைகண்ட வழக்கு. 300 புள்ளிக்கு 1.5 ஆகும்.

மூன்றாவது திரெஷோல்டு. எவ்வளவு சிறிய வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் விடுவது என்பதை இது குறிக்கும். முகப் படத்தில் இதனை 3 அல்லது 4 அளவில் வைத்தால் கன்னத்தின் தோல் மணல்போல் சொரசொரப்பாகாது.

அளவு மீறினால் ஓரங்களைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றும். அது தோன்றினால் உடனே குறைத்துவிட வேண்டும். இன்னொன்று: கை நடுங்கியதாலோ, குவியம் தவறியதாலோ மங்கிய படத்தை இக்கருவி மீட்டுத் தராது. ஓரமே இல்லாத இடத்தில் எதனை எழுப்புவது?

வரிசை முறை

நல்ல அச்சுக்கு வேலையின் வரிசை இன்றியமையாதது. முதலில் ஒளியையும் நிறத்தையும் சீர்செய்க. கணினித் திரை தானே ஒளிர்வது, காகிதம் அவ்வாறன்று. திரையில் சரியாகத் தோன்றும் படம் காகிதத்தில் சற்று இருண்டே வரும். ஆதலின் திரையின் ஒளியைக் குறைத்து வைத்துக்கொண்டு படத்தைத் திருத்துக. இரண்டாவதாக, இருட்டில் எடுத்த படமாயின் அதிலுள்ள பொரிப்பொரியான இரைச்சலைத் தணிக்க வேண்டும். அதைத் தணிக்காமல் கூர்மையாக்கினால் பொரியே முதலில் கூர்மையாகும்.

மூன்றாவதாக, அச்சின் அளவுக்குப் படத்தை வெட்டுக. இங்கே பலரும் ஏமாறுகின்றனர். கைப்பேசிப் படத்தின் பக்க விகிதம் 4-க்கு 3. கடையில் வழங்கும் 6-க்கு 4, 12-க்கு 8, 18-க்கு 12 அங்குலக் காகிதங்களின் விகிதம் 3-க்கு 2. நாமே வெட்டிக் கொடுக்காவிடில் இயந்திரம் தானாக வெட்டும். பெரியவரின் தலைப்பாகையோ குழந்தையின் காலோ போய்விடும். நான்காவதாக, வேண்டிய அளவுக்குப் பெரிதாக்குக. கடைசியாக மட்டுமே அச்சுக்குரிய கூர்மையைச் சேர்க்க வேண்டும். காகிதத்தில் மை சற்றுப் பரவுவதால், திரையில் ஒரு பிடி கூடுதலாகத் தோன்றுமாறு கூர்மையாக்கினால் அச்சில் சரியாக அமையும். மங்கல் தாளுக்குப் பளபளப்புத் தாளைக் காட்டிலும் சற்று மிகுதியாக வேண்டும்.

பெரிய படத்துக்குப் பணம் செலவிடுமுன், முகம் உள்ள பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே வெட்டி, 6-க்கு 4 அங்குலத் துண்டாக அச்சிட்டுப் பார்த்தல் சிக்கனமான வழி. அத்துண்டைச் சுவரில் ஒட்டிவைத்து, வழக்கமாக நாம் நிற்கும் இடத்தில் நின்று பார்த்து முடிவு செய்யலாம்.

வீட்டில் பழைய காகிதப் படம் மட்டுமே இருந்தால், சட்டத்தின் கண்ணாடியோடு கைப்பேசியில் எடுக்க வேண்டாம். ஒட்டிக்கொள்ளாதிருக்குமாயின் படத்தை மெதுவாக வெளியே எடுத்து, ஸ்கானரில் அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் பதிக. நான்கங்குலப் படம் எட்டங்குலமாக அச்சிட அது போதுமானது.

இயந்திரத்தின் கற்பனை

அந்த இளைஞரின் படத்துக்கு நேர்ந்தது வேறொன்று. இப்போது செயற்கை நுண்ணறிவு கொண்டு பெரிதாக்கும் செயலிகள் மலிந்துவிட்டன. எண்ணிறந்த முகங்களைக் கண்டு பழகிய இயந்திரம், மங்கலான முகத்தில் கண் இவ்விதம் இருக்கக்கூடும், தோல் இவ்விதம் இருக்கக்கூடும் என ஊகித்து வரைகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தார் 2020-இல் பல்ஸ் என்னும் இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர். புள்ளி புள்ளியாகச் சிதைத்த பராக் ஒபாமாவின் படத்தை ஒருவர் அதில் இட்டபோது, வெள்ளையர் ஒருவரின் முகம் வந்தது. பழகிய முகங்களின் சராசரியை நோக்கியே இயந்திரம் சாயும் என்பதற்கு அது சான்றாயிற்று.

மலைக்காட்சியிலும் கோயில் கோபுரத்திலும் இந்த ஊகம் சிறிது தவறினால் பெருந்தீங்கு இல்லை. அம்மாவின் முகத்திலோ, அம்மை வடுவும் தழும்புமே அம்மா. இயந்திரம் அவற்றைக் குறையென்று கருதி முதலில் அழித்துவிடுகிறது. இத்தகைய செயலிகளை அறவே விலக்க வேண்டும் என்று கூறவில்லை. முகத்தைத் திருத்தும் பகுதியை அணைத்துவிட்டு, இரு மடங்குக்கு மேற்போகாமல் கையாண்டு, முடிவை மூலத்தோடு அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் பயன் உண்டு. அந்த முகத்தை நன்கறிந்த ஒருவர் பார்த்து 'ஆம்' என்ற பிறகே அச்சுக்குப் போகட்டும்.

முடிவில் நேர்ந்தது

நான் அந்த இளைஞரிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன். "தம்பி, அந்தப் படத்தை யாருடைய கைப்பேசியில் எடுத்தார்களோ அவரைக் கண்டுபிடியுங்கள். படமாக அனுப்பாமல் ஆவணமாக, அதாவது டாகுமெண்ட் என்னும் வழியில் அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் ஒரு புள்ளியும் குறையாது" என்றேன்.

எடுத்தவர் அவருடைய சித்தி மகள்; கோயம்புத்தூரில் இருக்கிறார். நல்வாய்ப்பாக மூலப் படத்தை அவர் அழித்திருக்கவில்லை. நான்கு நாட்களில் அது வந்து சேர்ந்தது. அம்மையாரின் உருவத்தை வெட்டி எடுத்தோம்; 1500-க்கு 1875 புள்ளிகள் கிடைத்தன. 16-க்கு 20 அங்குலம் என்னும் ஆசையைக் கைவிடுமாறு கேட்டுக்கொண்டேன். 8-க்கு 10 அங்குலத்துக்கு அங்குலத்துக்கு 187 புள்ளிகள் வரும். இரண்டடி தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு அது போதும். சிறிதே கூர்மையாக்கி, மங்கல் தாளில் அச்சிட்டோம். படத்தைச் சுற்றி அகலமான வெள்ளை அட்டை வைத்துச் சட்டமிட்டதால், கூடத்துச் சுவரில் அது சிறிதாகவும் தோன்றவில்லை.

தலைத்திவசத்தன்று நானும் சென்றிருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மையாரின் தமக்கையார் படத்தின் முன் நின்று, கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பின்னர் புருவத்தின் மேல் விரலை வைத்து, "இது கிணற்றடியில் விழுந்த காயம். எட்டு வயதில்" என்றார். அருகே நின்ற பேரக் குழந்தை, "எப்படி விழுந்தாங்க, பாட்டி?" என்று கேட்டது. அவர் அமர்ந்து சொல்லத் தொடங்கினார்.

அன்பர்கள் இன்று மாலையே செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. உங்கள் இல்லத்துப் பெரியோரின் நல்ல படங்கள் எவருடைய கைப்பேசிகளில் இருக்கின்றன என்று விசாரித்து, அவற்றின் மூலங்களை ஆவணமாகப் பெற்று, இரண்டு வேறு இடங்களில் சேமித்து வையுங்கள். கைப்பேசி மாற்றும்போது மூலம் அழிந்துவிட்டால், எந்தச் செயலியும் அதை மீட்டுத் தராது.

அடுத்த திங்கள்: பழைய படத் தொகுப்பேடுகளைப் பூஞ்சையிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காப்பது எவ்வாறு?